அக்கா டாக்டரிடம் பேசிய இங்கிலீஷ்

போன ஆவணியில் கோயம்புத்தூரில் ஒரு ஜவுளிக் கடையின் மாடியில், மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். வீட்டுக்காரரின் தங்கை மகள் கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுக்க வேண்டியது. விலை தோதாக இருந்தது, கரையும் பிடித்திருந்தது. முந்தானையை மட்டும் விரித்துப் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. நான் தயங்குவதைப் பார்த்த விற்பனைப் பெண் இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்து, "டேக் யுவர் டைம், மேடம்" என்றாள். புடவையை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடி வந்தார். "ஏங்கண்ணு, மயக்கமா வருதா? அந்தப் புள்ள ஏதாச்சும் மரியாதையில்லாமப் பேசிப்போட்டுதா?" என்று கேட்டார். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள் என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு காப்பி குடித்து முடிக்கும் அளவு நேரம் பிடித்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் இங்கிலீஷ் டீச்சர். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தருவதுதான் என் பிழைப்பு. எங்கள் பாடப் புத்தகத்தில் நேரத்தைப் பற்றிய அன்றாட வாக்கியங்களுக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. எனக்காக ஒரு நிமிடம் ஒதுக்க முடியுமா, எப்படியாவது நேரம் உண்டாக்கிக்கொள்கிறேன், என் நேரத்தை வீணாக்காதே, இப்படி வரிசையாக வரும். அந்தப் பக்கத்தை நடத்தும்போதெல்லாம், வெள்ளைக்காரன் நேரத்தை அரிசி மாதிரி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றும். எடுத்துக் கொடுக்கிறான், மிச்சம் பிடிக்கிறான், சிந்தினால் கோபப்படுகிறான், தீர்ந்துபோனால் புதிதாக உண்டாக்கவும் செய்கிறான். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். பக்கத்தின் கடைசியில் வரும் ஒரு வாக்கியத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன். பலகையில் எழுதிவிட்டு, முகம் பலகையைப் பார்த்திருக்கும்படியே, "அவசரம் இல்லை, நிதானமாகச் செய்யுங்கள் என்று பொருள், எழுதிக்கொள்ளுங்கள்" என்பேன். அது என் அக்காவின் வாக்கியம்.

அக்காவும் நானும் மறையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர்கள். எங்கள் தாத்தா காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஏறிவந்த கத்தோலிக்கக் குடும்பம். நான் படித்துக் கீழே இறங்கிவிட்டேன், பாலக்காட்டுக்குக் கிழக்கே வாக்கப்பட்டேன். அக்கா அங்கேயே கொழுந்து பறிக்கப் போனாள், தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்த அத்தானைக் கட்டிக்கொண்டாள். எஸ்டேட்டில் யாருக்கும் சொந்தமாக நேரம் என்று ஒன்று கிடையாது. விடியும் முன்னே சங்கு ஊதும். பெரட்டு என்று சொல்லும் காலை ஆஜருக்குக் களத்தில் போய் நிற்க வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தால் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். செடிக்கு நடுவே நிமிர்ந்து இடுப்பைப் பிடித்தால் சூப்பர்வைசர் கரையில் நின்று "வேகம், வேகம்" என்று கத்துவார். பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போய்த் திரும்பும் பெண்கள்கூட ஓடித்தான் திரும்புவார்கள். அக்கா இருபது வயதிலேயே நடக்க மறந்து ஓடப் பழகியிருந்தாள்.

எஸ்டேட்டின் பழைய துரை பங்களாவைச் சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதியாக மாற்றியபோது, அறைகளைப் பார்த்துக்கொள்ள லயத்திலிருந்து சில பெண்களை எடுத்தார்கள். அக்கா அதில் ஒருத்தி. எர்ணாகுளத்திலிருந்து வந்த மேனேஜர், சீசன் தொடங்கும் முன் எல்லோரையும் சமையலறைக்குப் பக்கத்து அறையில் நிற்கவைத்து இங்கிலீஷ் வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பாராம். அதில் இரண்டு தடைகள் உண்டு. விருந்தாளியிடம் 'கொஞ்சம் பொறுங்கள்' என்று சொல்லக் கூடாது. 'வேலையாக இருக்கிறேன்' என்று சொல்லவே கூடாது. நமக்கு அவசரம் இருப்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது, உலகத்து நேரமெல்லாம் நம் கையில் கிடக்கிற மாதிரி நிற்க வேண்டும். கைகளைக் கோத்துக்கொள், தலையைச் சாய், சிரித்துக்கொண்டே சொல்: நோ ஹர்ரி, சார். டேக் யுவர் டைம். வென்னெவர் யூ ஆர் ஃப்ரீ. சாப்பாட்டு மேசையில், அறை வாசலில், பெட்டி தூக்கும்போது, பில் கொடுக்கும்போது, எல்லாவற்றுக்கும் இந்த மூன்றுதான்.

பிழைப்புக்காகப் படித்த அந்த வாக்கியங்கள்மேல் அக்காவுக்கு ஒரு ஆசையே வந்துவிட்டது. "ஏட்டி, மனுசனுக்கு மனுசன் இப்பிடிக்கூட பேசிக்கிடலாமாட்டி?" என்று போனில் என்னிடம் கேட்டாள். "நம்மளை ஒருத்தன் இப்பிடிச் சொல்லிருக்கானா? சங்கு ஊதினவன் சொல்லுவானா?" அதன்பின் கண்டவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். முட்டையிட உட்கார்ந்த கோழியிடம் சொல்வாள். சில்லறை தேடும் கண்டக்டரிடம் சொல்வாள். நான் போன் செய்து "அக்கா, இப்பப் பேசலாமா?" என்றால், "வென்னெவர் யூ ஆர் ஃப்ரீ, மேடம்" என்று குரலை மாற்றிச் சொல்லிவிட்டு, அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள். அத்தானுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. என்னவோ உளறுகிறாயே என்று கேட்டால், "அது பங்களா மரியாதை, ஒமக்கு எதுக்கு?" என்று முடித்துவிடுவாள். அவரும் அதை வணக்கம் சொல்வதைப் போல ஒரு பெரிய இடத்து மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

ஆனால் எனக்கு உள்ளுக்குள் எரிச்சல் உண்டு. ஊருக்கெல்லாம் நேரம் கொடுத்த அக்காவுக்குத் தனக்கென்று எடுத்துக்கொள்ளத் தெரியாது. பங்களா வேலை முடிந்து வந்தால் லயத்தில் யார் வீட்டிலாவது பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கும், யாருக்காவது அரிசி புடைக்க வேண்டியிருக்கும். கேட்டால் போய்விடுவாள். தன்னால் இன்னொருவர் சங்கடப்பட்டு நிற்பதை அவளால் ஒரு நொடி பார்க்க முடியாது. பஸ்ஸில் தன்னை ஏற்ற டிரைவர் பிரேக் போட்டால்கூட மன்னிப்புக் கேட்பது போல ஏறுவாள். "நீ ஒருநாள் லீவு போட்டு எங்க வீட்டுக்கு வா" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன். "சீசன் முடியட்டும்ட்டி, ஒரு ஒழிவு கெடைக்கட்டும்" என்பாள். மலையில் ஒரு சீசன் முடிந்தால் இன்னொன்று வந்துவிடும்.

மார்பில் கட்டி இருந்ததை அவள் எத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தாள் என்று இன்றுவரை தெரியாது. எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ் கை வைத்துப் பார்த்துவிட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார். அத்தான் கூட்டிக்கொண்டு மலை இறங்கியிருக்கிறார். எனக்குச் சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவேன் என்று சொல்லவில்லை. போய்த் திரும்பி வந்த பிறகுதான் போன். ஆபரேஷன் செய்ய வேண்டும், தேதி கொடுத்திருக்கிறார்கள் என்றாள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் தாண்டி ஒரு தேதி. "என்னக்கா, இவ்வளவு தள்ளியா குடுத்தாங்க? இது ஆறப்போடுற விஷயமா?" என்று கத்தினேன். "அங்க கூட்டத்தைப் பாத்தேன்னா நீ இப்பிடிக் கேக்க மாட்டட்டி. பாவம், அந்த டாக்டருக்குச் சோறு திங்கக்கூட நேரம் இல்லை" என்றாள். டாக்டருக்காகத்தான் வருத்தப்பட்டாள். சீசனும் நல்லபடியாக முடிந்துவிடும் என்று வேறு சொன்னாள்.

சீசன் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆபரேஷன் நடந்தது, மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. நானும் பொள்ளாச்சி, உடுமலை என்று பஸ் மாறி மாறி மலை ஏறினேன், இறங்கினேன். அடுத்த மழைக்காலத்துக்கு அவள் இல்லை. கடைசியில் பார்த்த வேறொரு டாக்டர், "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார். அந்த வார்டில் எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து லயத்து முற்றத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. நான் சோற்று வாளியுடன் வரிசையில் வந்துகொண்டிருந்தேன். சொந்தக்காரர்கள் யாரோ அக்காவின் தைரியத்தைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். அதுவரை குனிந்தே இருந்த அத்தான் அப்போதுதான் தலை நிமிர்ந்தார். அன்றைக்கு முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் பார்த்தேன்.

"அந்த மொத நாளு டாக்டர்கிட்ட அவ பேசினதை நீங்க பாத்திருக்கணும்" என்று ஆரம்பித்தார். "அவரு மலையாளத்துலதான் கேட்டாரு. இவ பட்டுனு இங்கிலீஷ்ல திருப்புனா. அவரு அப்பிடியே நிமிந்து பாத்தாரு. பெறகு அவரும் இங்கிலீஷ்தான். நாள் குறிக்கிற டயரியைப் பொரட்டுறாரு, பொரட்டுறாரு, எடம் இல்லை போல, தலையைச் சொறியாரு, யாருக்கோ போன் போடப் போறாரு. இவ கையைக் கட்டிக்கிட்டு, சிரிச்ச மொகமா சொல்லுதா: நோ ஹர்ரி, சார். டேக் யுவர் டைம். வென்னெவர் யூ ஆர் ஃப்ரீ. அவரு போனைக் கீழ வச்சிட்டு தேங்க்யூன்னாரு. அம்மாடி! டாக்டரு, எம் பொஞ்சாதிக்கு தேங்க்யூ சொன்னாரு!"

வரிசையில் இருந்தவர்கள் "அவ கெட்டிக்காரி" என்றார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சோற்று வாளியைத் தரையில் வைத்துவிட்டேன். அந்த போன் ஒருவேளை அவளுக்கு ஒரு கட்டில் தேடும் போனாக இருந்திருக்கலாம். முந்திய ஒரு தேதியைக் கேட்கும் போனாக இருந்திருக்கலாம். ஒன்றும் இல்லாமலும் இருந்திருக்கலாம். அந்த முற்றத்தில் இருந்த மற்றவர்களுக்கு அந்த வாக்கியங்கள் வெறும் பங்களா மரியாதைதான். அர்த்தம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று அப்போது நினைத்தேன். அத்தான் என்னைப் பார்த்து, "என்ன டீச்சர், சரியாச் சொன்னேனா?" என்று கேட்டார். ஒரு எழுத்து பிசகாமல் சொன்னீர்கள் அத்தான் என்று சொல்லிவிட்டு, சாம்பார் எடுக்கப் போவது போல உள்ளே போய்விட்டேன்.

அன்றிலிருந்து அந்த வாக்கியம் என்னை விட்டபாடில்லை. பேங்கில் கேட்கிறது, ஆஸ்பத்திரி வரவேற்பில் கேட்கிறது, போனில் பதிந்துவைத்த குரல்களில் கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் கை கோத்து நிற்கும் அக்கா தெரிகிறாள், டயரி புரட்டும் ஒரு மனிதர் தெரிகிறார். அந்த டாக்டரை நான் குறை சொல்லவில்லை. எதிரே நிற்பவளே அவசரமில்லை என்றால், இருநூறு பேர் காத்திருக்கும் மனிதர் என்ன செய்வார்? அக்காவைத்தான் எனக்குப் புரியவில்லை. பழக்கதோஷத்தில் வாயிலிருந்து வந்துவிட்டதா? தவிக்கும் ஒருவரைப் பார்த்ததும் அவள் நாக்கு பங்களாவுக்குப் போய்விட்டதா? இல்லை, சீசனை நினைத்து மனதாரத்தான் சொன்னாளா? கத்திக்குப் பயந்து நாள் தள்ளினாளா? வகுப்பில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு பொருள்தான் எழுதிப் போடுகிறேன். இந்த ஒரு வாக்கியத்துக்கு என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

அக்காவின் மகள் ஹோட்டல் படிப்பு படித்துவிட்டு, போன வருடம் அதே பங்களாவில் வரவேற்பு மேசைக்கு வந்துவிட்டாள். வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அப்பாவைத் தனியா விட்டுட்டு எங்க போகச் சொல்லுறீங்க சித்தி?" என்று கேட்டாள். அவளுக்கு அப்படியே அம்மாவின் குரல். ஒருநாள் அவளைக் கூப்பிட நினைத்து பங்களா எண்ணுக்குப் போட்டுவிட்டேன். எடுத்ததும் அவள் இங்கிலீஷில் சொன்ன முதல் வரியைக் கேட்டு போனை வைத்துவிட்டேன். வீட்டுக்காரர் கேட்டதற்கு ராங் நம்பர் என்றேன்.

இந்த வருடம் கல்லறைத் திருநாளுக்குப் போயிருந்தேன். நவம்பர் பிறந்ததும் எங்கள் ஆட்கள் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, புல் செதுக்கி, செவ்வந்திப் பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ஃபாதர் வரிசையாக ஒவ்வொரு கல்லறையாக வந்து மந்திரித்துத் தண்ணீர் தெளிப்பார். அத்தான், அக்கா மகள், நான் மூன்று பேரும் அக்காவின் தலைமாட்டில் நின்றிருந்தோம். நல்ல வெயில். ஃபாதர் மேல் வரிசையில் இருந்தார். மகளுக்கு பங்களாவிலிருந்து போன் வந்தது. நாலடி தள்ளிப் போய்ப் பேசினாள். யாரோ விருந்தாளி அறையைக் காலி செய்யத் தாமதமாகும் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் சொன்ன பதில் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

அத்தான் மெழுகுவத்தியைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்தபடியே என்னிடம் திரும்பினார். "டீச்சர், இவளும் அதையேதான் சொல்லுதா. அவ அம்மா டாக்டர்கிட்ட சொன்ன அதே சொல்லு. அதுக்கு என்ன அர்த்தம்னு நேத்து இவகிட்டக் கேட்டேன். காதுல விழாத மாதிரி போயிட்டா. மரியாதைச் சொல்லுதான், எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு அர்த்தம் இருக்கும்ல்லா? நீ சொல்லும்மா. அவ அன்னைக்கு அவர்கிட்ட என்னதான் கேட்டா?"

பேசி முடித்துத் திரும்பிய மகள் இதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். அர்த்தம் அவளுக்கு என்றைக்கோ தெரிந்திருக்கிறது என்பது அவள் கண்ணைப் பார்த்ததும் புரிந்தது. அவளும் நானும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் இதே பாரத்தைத்தான் இத்தனை நாள் சுமந்திருக்கிறோம். அத்தானுக்கு இந்த உலகத்தில் பெருமைப்பட மிச்சமிருந்தது அந்த ஒரு நிமிடம். அதை நான் எப்படி அவர் கையிலிருந்து பிடுங்குவேன்?

"கொஞ்சம் சீக்கிரமாப் பாருங்க சார்னு அர்த்தம், அத்தான்" என்றேன். "தள்ளிப் போட்டுறாதீங்க, சீக்கிரம் ஒரு நாள் குடுங்கன்னு கேட்டிருக்கா."

அவர் மகளைப் பார்த்தார். "ஆமாப்பா" என்றாள் அவள். "அப்படித்தான் கேட்டிருக்காங்க."

அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். மலரவில்லை. மெழுகுவத்தியைக் கல்லறைமேல் ஊன்றிவிட்டு, அப்படியே விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "சீக்கிரம்னா கேட்டா?" என்றார். பிறகு, "அப்ப அவ பயந்துதான் இருந்திருக்கா" என்றார். "எனக்குத் தெரியாமப் போச்சே டீச்சர். வெளியே வந்ததும், வாங்க, கீழ எறங்கி வந்ததுக்கு ஆளுக்கு ரெண்டு புரோட்டாவாவது திம்போம்னு சிரிச்சா. நானும் போய் உக்காந்து தின்னேன். உள்ளுக்குள்ள அம்புட்டு பயத்தை வச்சிக்கிட்டு எனக்குச் சால்னா ஊத்துனாளே." அவள் செத்த வீட்டிலும் நான் பார்க்காத அழுகையை அப்போது பார்த்தேன். நல்லது செய்வதாக நினைத்து என்ன காரியம் செய்துவிட்டேன்! சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வாய் திறந்தேன். ஆனால் அக்கா பயப்படவில்லை என்று எனக்கு மட்டும் என்ன தெரியும்? மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அதற்குள் ஃபாதர் எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார். அத்தான் குலுங்கிக் குலுங்கி அழுவதைப் பார்த்து, தண்ணீர்ச் செம்புடன் நின்றார். "நீங்க மெல்ல ஆறிக்கோங்க. நான் மத்த கல்லறைகளை முடிச்சிட்டு, கடைசியா இங்க வரட்டுமா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

அத்தான் சட்டென்று எழுந்து அவர் அங்கியைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம், ஃபாதர்" என்றார். "மொதல்ல இவளைப் பாருங்க. இவளைக் கடைசிக்குத் தள்ளாதீங்க."